முடிச்சுக்குள் இல்லாத வைப்புப் புத்தகம்

எங்கள் வீட்டுச் சாமியறை உண்மையில் துவாய்கள் அடுக்குகிற அலுமாரி. இந்த வெளிநாட்டில், ஒனிஹங்கா என்ற ஊரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் கிழக்குப் பார்க்கப் படம் வைக்க வேறு இடமில்லை. அம்மன் படத்துக்குப் பின்னால் மஞ்சள் துணியில் ஒரு நேர்த்தி முடிச்சு இருந்தது. நேர்ந்த கோயிலுக்கு நேரில் போய்க் கடனைத் தீர்க்கும்வரை அதை யாரும் அவிழ்க்கக்கூடாது. அந்த வழக்கத்தை வைத்துத்தான் என் கணவரைப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஏமாற்றினேன்.

போர் முடியும்வரை வன்னியில் எங்கள் பகுதி தனி நாடுபோல நடந்தது. வேறு எந்த நாடும் அதை நாடென்று ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் அங்கே பொலிஸ் இருந்தது, நீதிமன்றம் இருந்தது, வைப்பகம் என்று நாங்கள் சொல்லும் வங்கியும் இருந்தது. இவர் உழவு இயந்திரத்தை விற்ற காசை அங்கே நிலையான வைப்பில் போட்டார். இவருடைய அக்கா, என் மச்சாள், கணவனை இழந்தவர். வீட்டு வளவுக் காணியில் பாதியை விற்ற காசை அவரும் தம்பியின் பெயரிலேயே போடச் சொன்னார். தம்பி இருக்கத் தனக்கென்னத்துக்குத் தனிப் புத்தகம் என்றார்.

கடைசிக் கிழமையில், பதுங்குகுழிக்குள் இருந்துகொண்டு, நானும் இவரும் மகளும் உயிரோடு கரையேறினால் நேரில் வந்து பொங்குகிறேன் என்று அம்மனுக்கு நேர்ந்து ஒரு நாணயத்தை முடிந்தேன். இவர் வைப்புப் புத்தகத்தைத் தந்து, சாமிக் காசோடு கிடந்தால் துலையாது என்று சொல்லி, அதையும் சேர்த்துக் கட்டச் சொன்னார். கட்டியதைப் பார்த்துக்கொண்டும் இருந்தார்.

களப்புத் தண்ணீரைக் கடந்து இராணுவத்தின் பக்கம் போகும்போது இவர் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் போனார். நாங்கள் விட்டுவந்த பக்கத்துக் கடதாசி கையில் இருந்தால் ஆமிக்காரர் ஆளைப் பிரித்துக் கொண்டுபோய்விடுவார்கள் என்று சனம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வந்தது. எல்லோரும் கிழித்துக் கிழித்துத் தண்ணீரில் விட்டார்கள். புத்தகத்தில் இவருடைய பெயரும் படமும் இருந்தன. நான் முடிச்சை அவிழ்த்தேன். புத்தகத்தைக் காலால் சேற்றுக்குள் மிதித்துவிட்டு, காசை மட்டும் திரும்ப முடிந்து இடுப்பில் செருகினேன். நேர்த்தி முடிச்சை இடையில் அவிழ்த்த பாவம் அன்றைக்கே என்மேல் ஏறிவிட்டது.

முகாமில் மூன்றாம் நாள் இவர், "புத்தகம் கிடக்கோ?" என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓம் என்றேன். பிறகு, தொட்டுப் பார்த்தாலும் தெரியாமல் இருக்க, பால்மாப் பெட்டி மட்டையை அந்த அளவுக்கு வெட்டி மடித்து முடிச்சுக்குள் வைத்தேன்.

அப்படியே இந்த நாட்டுக்கும் வந்து சேர்ந்தோம். இவர் காய்கறி பொதி செய்யும் இடத்தில் வேலை செய்கிறார். போன வருடம் இங்குள்ள வங்கியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வங்கி விழுந்தாலும் ஒரு அளவுக்கு வைப்புக் காசு திரும்பக் கிடைக்கும் என்று மகள் வாசித்துச் சொன்னாள். "வங்கி விழுந்தால் சரி. நாடு விழுந்தால் என்னவாம்?" என்று இவர் சிரித்தார். மகளுக்கு விளங்கவில்லை. நான் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.

அதன் பிறகுதான், அங்கே பழைய வைப்பகத்திலிருந்து இராணுவம் எடுத்த அடகு நகைகளை அரசாங்கம் உரியவர்களுக்குக் கொடுக்கப்போகிறது என்ற கதை வந்தது. மச்சாள் போனில் வந்தார். அவருடைய பாதி கட்டிய வீட்டுக்கு இன்னும் தறப்பாள்தான் கூரை.

"நகைக்குப் பிறகு காசுக்கும் முறை வருமெண்டு சனம் கதைக்குது. புத்தகம் கிடக்குத்தானே தம்பி?"

"கிடக்கு அக்கா. சாமிக்குப் பின்னால வச்சு இவ பூசை செய்யிறா."

"அப்ப அது பூசை கண்ட காசு. கூரை போடேக்க ஐயருக்குத் தட்சிணை மிச்சம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் குசினியில் பாத்திரம் கழுவுகிறமாதிரித் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

இவர் கோயில் ஐயரிடம் கேட்டார். இப்படித் தேவை வந்தால் ஒரு அர்ச்சனை செய்துவிட்டு அவிழ்க்கலாம், பிறகு புதுத் துணியில் முடிந்து வையுங்கோ என்று ஐயர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு எடுத்து, அர்ச்சனையும் முடித்துக்கொண்டு வந்து, குளித்து, திருநீறு பூசி, அலுமாரிக்கு முன்னால் நின்றார். நான் விளக்கு ஏற்றினேன். இவர் கை உள்ளே போனது.

"இஞ்சேருங்கோ, அவிழ்க்க வேண்டாம்."

"ஐயரே ஓமெண்டிட்டார்."

"அதுக்குள்ள புத்தகம் இல்லை. தண்ணிக்குள்ள விட்டிட்டன். அண்டைக்கே."

இவர் என்னைப் பார்த்தபடியே முடிச்சை அவிழ்த்தார். நாணயம் நிலத்தில் விழுந்தது. மட்டையை விரித்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கத்தில் மாட்டின் படத்தில் பாதி இருந்தது.

"இது எப்ப வச்சனீர்?"

"முகாமில."

"நான் கேட்டதுக்குப் பிறகோ?"

"ஓம்."

புத்தகத்தோடு பிடித்திருந்தால் உங்களைக் கொண்டுபோயிருப்பார்கள் என்று அழுதுகொண்டு சொன்னேன். தண்ணீருக்குள் விட்டது சரி, அதில் தனக்கு ஒரு கோபமும் இல்லை என்றார். பிறகு, "மட்டையை ஏன் வச்சனீர்?" என்று கேட்டார். நான் குனிந்து நாணயத்தைப் பொறுக்கினேன்.

மச்சாளுக்கு நானே சொன்னேன். அது நான் சொல்ல வேண்டியது. அவர், தான் போன கிழமையே அரசாங்கக் கந்தோருக்குப் போய் விசாரித்ததாகச் சொன்னார். அந்த வைப்பகம் எந்தச் சட்டத்திலும் பதிந்ததில்லையாம். அதனால் அங்கே போட்டது வைப்பும் இல்லையாம், கேட்பதற்கு உரிமையும் இல்லையாம்.

"புத்தகம் இருந்தாலும் இல்லாட்டிலும் ஒண்டுதானாம். தம்பியிட்டச் சொல்லாதையும். பெயர்ப் பதிவைப் பார்த்தாவது காசு வருமெண்டு அவன் நம்பிக்கொண்டு இருக்கட்டும்."

மச்சாளின் பாதி வளவை வாங்கியவர் அங்கே மாடி வீடு கட்டியிருக்கிறார். அவருடைய காணி உறுதிப் பத்திரம் செல்லும். எங்கள் உழவு இயந்திரமும் யாருடைய வயலிலோ ஓடிக்கொண்டிருக்கும், அதுவும் வாங்கியவருடையதுதான். விற்ற எங்களுக்கு வந்த காசு மட்டும் ஒருநாளும் இருந்ததில்லை என்கிறார்கள். படிப்புக் குறைந்த எனக்கு இந்தச் சட்டம் விளங்கவில்லை. படித்தவர்களிடம் கேட்டுப் பார்த்தேன், அவர்களும் தலையைத்தான் ஆட்டினார்கள்.

இன்னொரு பொய்யைச் சுமக்க என்னால் முடியாது. மச்சாள் சொன்னதையும் இவரிடம் சொல்லிவிட்டேன். சப்பாத்தின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"அப்ப நான் ஒருத்தன்தான் நம்பிக்கொண்டு இருந்திருக்கிறன்" என்றார். வேலைக்குப் போய்விட்டார்.

நாணயத்தைப் புதுத் துணியில் முடிந்து பழைய இடத்தில் வைத்தேன். அம்மனிடம் என்ன கேட்பதென்று தெரியவில்லை. காலையில் விளக்கை ஏற்றிவிட்டு உடனே குசினிக்குப் போய்விடுகிறேன்.

இவர் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறார், கேட்டால் பதில் சொல்கிறார். ஆனால் இந்த வீட்டின் கடதாசிகள் எல்லாம் என் பொறுப்பில்தான் இருந்தன. பாஸ்போர்ட்டுகள், வாடகை ஒப்பந்தம், இவருடைய வங்கி அட்டை, எல்லாம் என் சேலைகளுக்கு அடியில் ஒரு பையில் கிடந்தன. போன ஞாயிற்றுக்கிழமை சேலைகளை வெயிலில் போடலாம் என்று எடுத்தேன். பை அங்கே இல்லை. இவர்தான் எடுத்து வேறெங்கோ வைத்திருக்கிறார்; நான் சேலைகளைக் கொண்டுபோய்க் கொடியில் போட்டேன்.