வேலிக்குக் கூட்டிய பற்றரிகள்

கடைக்குப் பற்றரி தூக்கி வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதற் கேள்வி ஒன்றுதான். "புள்ள, இதில எது பிளஸ்?" சிவப்பு என்பேன். சிவப்புப் பூச்சு அழிந்திருந்தால், தடித்த முனை என்பேன். வாய் தானாகச் சொல்லும். மனம் அப்போது பகற் சாப்பாட்டை யோசித்துக்கொண்டிருக்கும்.

பள்ளிக்கூடத்தில் அந்தக் குறிக்கு வேறு பெயர். "இரண்டு சக மூன்று" என்று வாசித்துத்தான் நாங்கள் கணக்குப் படித்தோம். தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனதும் 'சக' போய்ப் 'பிளஸ்' வந்தது. அந்தப் பிளஸ் என் வாழ்க்கையில் எங்கெல்லாம் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று ஒருநாள் பாதையில் வாவியைக் கடக்கும்போது வரிசைப்படுத்திப் பார்த்தேன். பாதை என்று எங்கள் பக்கத்தில் சொல்வது தெருவை அல்ல. மனிதரையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் தட்டையான இயந்திரப் படகை. அதில் நிற்கும் நேரம்தான் எனக்கு வாரத்தில் எதையாவது யோசிக்கக் கிடைக்கும் நேரம்.

அம்மாவின் கண்ணாடி பிளஸ். என் இரத்தம் ஓ பிளஸ். சாரதி அனுமதிப் பத்திரத்தில் போட்டிருக்கிறது. கல்யாணம் பேச வந்த தரகர், பெண்ணுக்கு நிரந்தர வேலை இருப்பது பெரிய பிளஸ் என்றார். வேலை என்ன என்று கேட்டறிந்த பிறகு தேநீரைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டார். கடை முதலாளி காலையில் சொல்வார்: "களுதாவளையில ஒரு வீட்டுக் கூரைக்குச் சோலர் பனல் பூட்டணும், பிளஸ் வாற வழியில ஒரு இன்வேட்டரையும் பாத்திட்டு வாங்க." அவர் வாயில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்: என்னுடைய பின்னேரம்.

அக்காவுக்குப் பிளஸ் என்றால் அத்தான், அவள் புருசன். கட்டாரிலிருந்து வரும் அழைப்பில் இலக்கத்துக்கு முன்னால் அந்தக் குறி தெரியும். அதைக் கண்டதும் அக்கா ஈரக்கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு தொலைபேசியை எடுப்பாள். முன்பெல்லாம் ஓடிப்போய் எடுப்பாள். கடைசி இரண்டு வருடமாக நடந்து போய்த்தான் எடுக்கிறாள்.

காரணம் வயல். வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில், காட்டோரமாக, எங்கள் அப்பாவின் பெயரிலிருந்து அக்காவின் பெயருக்கு மாறிய துண்டு. வயல்வெளியை வட்டை என்போம்; அந்த வட்டையில் அதற்கப்பால் வயல் இல்லை. வெயிலில் ஓடும் மின்சார யானை வேலி, வேலிக்கப்பால் காடு. அத்தான் வெளிநாடு போன பிறகு அக்கா தானே விதைத்தாள், தானே காவல் ஒழுங்கு பண்ணினாள். முதற் போகம் யானை மிதித்தது. அடுத்த போகம் வெட்டுக்கு முன்னர் தின்றுவிட்டுப் போனது. அத்தானுக்குப் பொறுமை போய்விட்டது. வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு நான் இருக்கும் எழுவான்கரையில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்துவிடு என்றார். அக்கா கெஞ்சி ஒரு போகம் கேட்டாள். இந்த முன்மாரிப் போகமும் யானைக்குப் போனால் வயலை விட்டுவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தாள். அவள் வாக்குக் கொடுத்தால் செய்துவிடுவாள். அதுதான் எனக்குப் பயம்.

மாசியில் கதிர் முற்றி, வெட்டு மெசின் வர ஒரு கிழமை இருக்கும்போது வேலி செத்துப்போனது என்று அழைத்தாள். எனக்கு இருப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்று. அதையும் மீற்றர் பையில் போட்டுக்கொண்டு பாதை ஏறினேன்.

வட்டையின் பொது விடயங்களைப் பார்ப்பவர் வட்டவிதானையார். எங்களுக்கு உறவில்லை, ஆனால் மாமா என்றுதான் கூப்பிடுவோம். கம்பிக்கு மின்சாரம் அனுப்பும் வேலிப் பெட்டி இருக்கும் தகரக் கொட்டில் வாடியின் வாசலில் சாரத்தை மடித்துக் கட்டியபடி நின்றார். உழவு மெசின் வைத்திருக்கும் ஒரு மீசைக்காரரும் இன்னும் சிலரும் நிழலில் குந்தியிருந்தார்கள். அக்கா கொஞ்சம் தள்ளி, கத்தியும் தண்ணீர்ப் போத்தலுமாக நின்றாள்.

"வாங்க இஞ்சினியரம்மா," என்றார் மீசைக்காரர்.

"இஞ்சினியர் இல்ல, பற்றரிக்காரி," என்றேன்.

"ரெண்டும் ஒண்டுதான். ரெண்டும் வந்து பாத்திட்டுப் புதுசு வாங்கச் சொல்லும்."

வாடிக்குள் குனிந்து பார்த்தேன். இந்த வேலி கொடுக்கப்பட்டபோது ஒரே அளவில் இரண்டு பற்றரி கொடுத்தார்கள். அவை மூலையில் இருந்தன. அவற்றோடு ஓர் உழவு மெசின் பற்றரி, ஓர் ஓட்டோப் பற்றரி, யாரோ வீட்டு விளக்குக்கு வைத்திருந்த ஒன்று, கடைசியாக ஒரு மோட்டார் சைக்கிள் பற்றரி. பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ், ஒன்றுகூடப் பிழையில்லாமல் ஒழுங்காகக் கட்டியிருந்தார்கள். வயர் முனைகளைக்கூடத் துணியால் சுற்றியிருந்தார்கள். வேலிப் பெட்டி மட்டும் கிழவர் இருமுவதுபோல இடைவெளி விட்டு டக்கென்றது.

"எப்ப இருந்து மாமா இப்படி?"

"மார்கழி மழைக்குள்ள கொஞ்சம் சோர்ந்திச்சு புள்ள. மறுகா கூட்டம் போட்டம். வீட்டுக்கு ஒரு பற்றரி தாங்க எண்டு கேட்டன். இருந்தவங்க தந்தாங்க. தந்தும் பெலன் இல்ல. தரத் தரப் பெலன் குறையுது."

அவர் சொன்னதைக் கேட்டு நான் சிரிக்கவில்லை. எங்கள் வட்டையில் எதுவும் அப்படித்தான் நடக்கும். அறுவடை முடிந்து மரத்தடிப் பிள்ளையாருக்குப் பொங்கும்போது ஒரே பானைதான் ஏறும். ஒவ்வொரு வீடும் ஒரு பிடி அரிசி கொண்டுவந்து அதற்குள் போடவேண்டும். சம்பாவும் விழும், பழைய அரிசியும் விழும், தவிடு போகாததும் விழும். யாரும் கையைப் பார்ப்பதில்லை. அரிசி போடாத வீடு அடுத்த போகத்தில் காவலுக்கு ஆள் கேட்க முடியாது. கூட்டத்தில் வாய் திறக்கவும் முடியாது. வேலி சோர்ந்தபோது அவர்கள் அதையே செய்தார்கள். பானை என்றால் அது சரி. பற்றரி பானை இல்லை. கெட்டுப்போன ஒன்றை நல்லதோடு சேர்த்துக் கட்டினால் நல்லது கெட்டதை நிரப்பப் பார்க்கும். பகலெல்லாம் வெயிலில் வாங்கியதை அதற்குள் ஊற்றிவிட்டு, யானை வரும் நேரத்துக்குத் தானும் வெறுமையாகக் கிடக்கும்.

உழவு மெசின் பற்றரியின் பக்கத்தில் கை வைத்தேன். வேலை எதுவும் செய்யாமலே சூடாக இருந்தது. ஒவ்வொன்றாக வயரைப் பிரித்து மீற்றரை வைத்துப் பார்த்து, மறுபடி பூட்டினேன். பழைய இரண்டும் களைத்திருந்தன, ஆனால் உயிர் இருந்தது. சேர்த்த நான்கிலும் மீற்றர் முள் ஏறவேண்டிய இடத்துக்கு ஏறவில்லை.

"மாமா, இந்த ரெண்ட மட்டும் வச்சிட்டு மத்ததெல்லாத்தையும் கழட்டணும்."

நிழலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வட்டவிதானையார் என்னை வாடிக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"அது சரிவராது புள்ள. தந்தவன்ட பொருள எப்படித் திருப்பிக் குடுக்குற? உன்ர பற்றரி கூடாது எண்டு சொன்னா, நாளைக்கு அவன் காவலுக்கு வருவானா? வேலி இல்லாட்டியும் ஆக்கள் நிண்டு வெடி போட்டாவது கலைக்கலாம். ஆக்களும் இல்லாட்டி?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பாதைக்குத் திரும்ப வேண்டும், நாளைக்குக் காலையில் ஒரு கூரை இருக்கிறது, அம்மாவின் மருந்து வாங்க வேண்டும். எல்லாரும் எல்லாவற்றோடும் இன்னொன்றைச் சேர்க்கச் சொல்கிறார்கள். கழற்ற வேண்டியதைச் சொல்ல மட்டும் என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். நினைத்து என்ன? ஸ்பானரை எடுத்தேன்.

மீற்றர் சொன்னபடி முதலில் கழற்ற வேண்டியது உழவு மெசின் பற்றரி. அதிலே கை வைத்தால் மீசைக்காரர் எழுந்துவிடுவார், மற்றவர்கள் அவர் பின்னால் எழுவார்கள். ஆகவே மோட்டார் சைக்கிள் பற்றரியின் சிவப்பு வயரில் ஸ்பானரை வைத்தேன். அது அத்தானுடையது. வீட்டில் நிற்கும் மோட்டார் சைக்கிளிலிருந்து அக்கா தானே கழற்றிக்கொண்டு வந்து கொடுத்தது. வட்டையின் வேலியில் தன் பங்கும் விழுந்திருக்கிறது என்று அவள் சொல்லிக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான்.

"அத விடு," என்றாள் அக்கா.

"இது செத்துப்போச்சு அக்கா."

"செத்தா என்ன? சும்மாதானே கிடக்குது. யாருக்கு இடைஞ்சல்?"

"சும்மா கிடக்கல்ல. மத்ததக் குடிக்குது."

கழற்றி அவள் காலடியில் வைத்தேன். அவள் அதை எடுக்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். சின்ன வயதில் அவளுடைய கொப்பியில் நான் கிறுக்கியபோது பார்த்த அதே பார்வை.

"சொந்த அக்காட பற்றரியையே கழட்டிட்டாள்," என்றார் மீசைக்காரர், யாருக்கும் சொல்லாததுபோல. அவர் குரலில் அரைவாசி கேலி, அரைவாசி நிம்மதி. "அப்ப என்ரயும் கூடாதுதான். கழட்டுங்க, கழட்டுங்க."

ஓட்டோப் பற்றரிக்காரர் தானே வந்து தூக்கினார். "இதக் கொண்டுபோனா மனுசி கேப்பாள், எங்க போனது எண்டு. யானை தின்னிச்சு எண்டு சொல்லணும்."

சிரித்தார்கள். வட்டவிதானையார் சிரிக்கவில்லை. "அப்ப இவங்கட பங்கு?" என்று என்னைக் கேட்டார். பங்கு இல்லாமல் அவரால் அந்த இடத்தைவிட்டு நகர முடியாது என்று தெரிந்தது.

வேலியைப் பார்த்தேன். மழைக்கு வளர்ந்த புல்லும் கொடியும் கீழ்க் கம்பியைத் தொட்டு, சில இடத்தில் சுற்றியும் கிடந்தன. "மாமா, பற்றரி சரியா இருந்தாலும் இந்தப் புல்லால கரண்ட் எல்லாம் மண்ணுக்குள்ள போயிரும். பற்றரியத் திருப்பி எடுக்கிறவங்க இந்தப் புல்ல வெட்டட்டும். அதுவும் வேலிக்குத்தானே."

அவர் தலையாட்டினார். "ஓம். அது பங்குதான்."

"அப்ப பற்றரி தராதவன் வீட்ட போய்ப் படுக்கலாம், தந்தவன் புல்லு வெட்டணும்," என்றார் மீசைக்காரர். "நல்ல ஞாயம்!" சொல்லிக்கொண்டே கத்தியைத் தேடினார்.

பெட்டியை நிறுத்திவிட்டு வந்தேன். அக்கா ஏற்கெனவே போய்விட்டிருந்தாள். யாராவது அளந்து கொடுக்கும் வரை அவள் காத்திருக்கவில்லை. தன் வயல் மூலையில் தொடங்கி, குனிந்தபடி, கொடியை இழுத்து இழுத்து வெட்டினாள். தன் பங்கு முடிந்தும் நிறுத்தவில்லை. நான் தண்ணீர் கொண்டுபோனேன். போத்தலை வாங்கினாள், முகத்தைத் திருப்பவில்லை.

"கோபமா?"

"வேலைய முடிச்சிட்டுச் சுறுக்காப் போ. பாதை போயிரும்."

வெயில் முழுவதையும் அந்த இரண்டு பற்றரிகள் மட்டும் வாங்கின. பின்னேரம் எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் பெட்டியைப் போட்டேன். இருமல் போய், கடிகாரம்போல அடித்தது. எனக்குச் சந்தோசம் வரவில்லை, உட்கார வேண்டும்போல் இருந்தது.

அந்தக் கிழமை முழுதும் கடையில் யாராவது பிளஸ் எது என்று கேட்கும்போதெல்லாம் அக்காவின் காலடியில் கிடந்த பற்றரி நினைவுக்கு வந்தது. அவள் அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை. வேலி விழுந்திருந்தால் அழைத்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விழுந்திருந்தால் அழைத்திருக்கவும் மாட்டாள் என்று அதற்குப் பிறகு தோன்றியது.

அடுத்த ஞாயிறு போனேன். அவள் வயலில் வைக்கோல்தான் கிடந்தது. யானைதான் என்று நினைத்தேன். பிறகு வெட்டு மெசினின் சில்லுத் தடம் தெரிந்தது. வேலிக்கு அந்தப் பக்கத்தில், காட்டோரம் நெடுக, யானைப் பிண்டம் காய்ந்து கிடந்தது. வந்திருக்கிறது, கம்பியைத் தொட்டிருக்கிறது, வேலியோரமாகவே நடந்துவிட்டுத் திரும்பியிருக்கிறது.

அக்கா முற்றத்தில் படங்கு விரித்து நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள். தொலைபேசி அடித்தது. பிளஸில் தொடங்கும் இலக்கம். கை முழுக்கத் தூசி, அதனால் என்னை அழுத்தச் சொன்னாள். அத்தானின் குரல் முற்றத்துக்கே கேட்டது.

"என்ன, குத்தகைக்கு ஆள் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

"யாரு?"

"நான்தான்."

அங்கே காற்றாடி சுற்றுவதுபோல ஒன்று கேட்டது. "சரி," என்றார் அத்தான். "சரி. சாப்பிட்டீங்களா?"

பேசி முடிந்ததும் அக்கா வீட்டுக்குள் போய் அந்தப் பற்றரியைக் கொண்டுவந்தாள். துடைத்து வைத்திருந்தாள். "இத சைக்கிள்ல பூட்டித் தா. பிள்ளையாருக்குப் பொங்குறம். அரிசி கொண்டுபோகணும்."

"அது செத்த பற்றரி அக்கா. ஸ்டார்ட் வராது. கிக்கும் உடைஞ்சு கிடக்கு."

"தள்ளினா வரும். எத்தினை தரம் தள்ளியிருக்கன்."

"ஆர் தள்ளுற?"

அவள் அரிசிப் பையை முன்னால் மாட்டி, ஏறி உட்கார்ந்து, கியரைப் போட்டுக் கிளச்சைப் பிடித்தாள். நான் சிவப்பு வயரைத் தடித்த முனையில் பூட்டினேன். என் மீற்றர் பையை இறக்கி வைத்துவிட்டுப் பின்னால் போய்க் கை வைத்தேன்.

"தள்ளுடி," என்றாள். அந்த ஒரு கிழமையில் என்னோடு சிரித்துப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

செம்மண் ஒழுங்கையில் தள்ளினேன். முதல் தடவை வரவில்லை. இரண்டாவது தடவை மூச்சு வாங்கியது. மூன்றாவதில் சைக்கிள் உதறிக்கொண்டு பிடித்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் ஒரு கையைத் தூக்கிவிட்டுப் போய்விட்டாள். நான் ஒழுங்கை நடுவில், முழங்காலைப் பிடித்துக்கொண்டு, குனிந்தபடியே நின்றேன்.