ஒரு சாண் சுவருக்குப் பூச்சு

பல் செட் செய்வது என் தொழில். தேனியில் பல் மருத்துவர்கள் அனுப்பும் வாய் அளவுகளில் பிளாஸ்டர் ஊற்றி அச்செடுத்து, அதன்மேல் பல் கட்டித் தருவேன். இருபது வருடமாகப் பிளாஸ்டரில் புழங்கிய கை. அதனால், ஒரு சாண் நீளச் சுவருக்குப் பூச்சு பூசுவது ஒரு பொருட்டே இல்லை என்று நினைத்துவிட்டேன். ஏழு மாதம் அது என்னைப் படுத்தியெடுத்தது.

எங்கள் வீட்டு மாடி அறையில் எட்டடிப் பலகை ஒன்றில் என் மாதிரி ரயில் ஓடுகிறது. இன்ஜின் உள்ளங்கை நீளம்தான். அதற்கு ஒரு ஸ்டேஷன் கட்டினேன். தடித்த அட்டையில் சுவர், ஜன்னல், ஓட்டுக்கூரை எல்லாம் ஒழுங்காக வந்தன. சுவரின் மேல்பூச்சுதான் வரவில்லை. இந்தப் பக்கத்துப் பழைய ஸ்டேஷன் சுவரை எட்ட நின்று பார்த்தால் சமமாகத் தெரியும். கிட்டப் போனால் சொரசொரப்பு, அங்கங்கே மேடு பள்ளம், மேலே மஞ்சள் சுண்ணாம்பு. என் அட்டைச் சுவரோ ஃபிரிட்ஜ் கதவு மாதிரி இருந்தது.

முதலில் ஆற்று மணலைத் துணியில் சலித்து, பசை தடவித் தூவினேன். காய்ந்ததும் ஆசையாக என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஆண்டிபட்டிப் பள்ளியில் கணக்கு டீச்சர்.

"இது எத்தன மடங்கு சின்னதுன்னு சொன்னீங்க?"

"எண்பத்தேழு மடங்கு."

"ஒரு மணல் அர மில்லி இருக்குமா? அப்ப இந்த ஸ்டேஷன்ல நிக்கிற ஆளுக்கு அது எலுமிச்சம்பழம். சுவர் பூரா எலுமிச்சம்பழத்த ஒட்டி வச்சிருக்கீங்க."

கணக்கு சரி. அதுதான் எரிச்சலாக இருந்தது. அன்று முழுக்க அவளிடம் சரியாகப் பேசவில்லை.

அடுத்து, மணலைவிட மிருதுவாக இருக்கிறதே என்று ரவையை மிக்சியில் அரைத்துத் தூவினேன். பார்க்கச் சுமாராக வந்தது. மூன்றாம் நாள் காலையில் ஸ்டேஷன் வாசலில் எறும்பு வரிசை. ஜன்னல் வழியாக உள்ளே போய், பின்பக்கமாக ரவையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தன. பிளாட்பாரத்தில் நிறுத்தியிருந்த இரண்டு சென்டிமீட்டர் பயணிகளைவிட அவைதான் சுறுசுறுப்பாக இருந்தன. மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுவர்களைப் பிய்த்துப் போட்டேன்.

பிறகுதான் என் சொந்தச் சரக்கான பல் பிளாஸ்டரை எடுத்தேன். தண்ணீராகக் கரைத்துத் தூரிகையால் பூசினேன். அது சாரல் காலம். மேற்கே மலையிலிருந்து காற்றும் தூற்றலும் நாள் முழுக்க வந்துகொண்டிருந்தன. அட்டை ஒரு பக்கம் மட்டும் ஈரத்தைக் குடித்து, பொரித்த அப்பளம் மாதிரி வளைந்துகொண்டது. நிமிர்த்தப் பார்த்தேன். பூச்சு முழுவதும் வெடித்துத் தகடு தகடாகக் கீழே விழுந்தது. ஊரில் யாருடைய வாயில் எத்தனை மேடு பள்ளம் என்று பிளாஸ்டரில் எடுத்துக் கொடுக்கிறவன் நான். எனக்கு ஒரு சுவர் நிற்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பாத்ரூம் சுவரில் கசிவு வந்தது. உத்தமபாளையத்திலிருந்து ஒரு கொத்தனார் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடிக்கு வந்தவர் என் பலகையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்னண்ணே இது, கொலுவுக்கா?"

"ரயில்வே ஸ்டேஷன். பூச்சு வர மாட்டேங்குது."

"பூச்சா?" அவர் சிரித்தார். "மூணு மாடி பூசியிருக்கேன். இங்கன குடுங்கண்ணே, டீ வர்றதுக்குள்ள முடிச்சுத் தாரேன்."

டீ வந்து ஆறிப் போனது. சலித்த சிமெண்டைக் குழைத்து, கரணை நுனியால் தடவினார். ஜன்னல் மூடிக்கொண்டது. தேங்காய் நாரால் ஒத்தி எடுத்தார். சுவர் உழுத வயல் மாதிரி ஆனது. துடைத்தார். அட்டை ஊறிக் கிழிந்தது. அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"இதென்னண்ணே, கை வைக்கவே எடம் இல்ல!"

எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். அது நல்ல குணமில்லை என்று தெரியும். ஆனாலும் இருந்தது.

பாத்ரூம் வேலை இரண்டு நாளில் முடிந்தது. அவர் விடவில்லை. போன் செய்துகொண்டே இருந்தார். "அண்ணே, அட்டையோட ரெண்டு பக்கமும் வார்னிஷ் அடிச்சுட்டா தண்ணி குடிக்காதுல்ல?" அது பலித்தது. "அண்ணே, கோலமாவப் போட்டுப் பாத்தீகளா?" அது பலிக்கவில்லை. ஒரு முறை சாரத்தின் மேல் நின்றுகொண்டே பேசினார். கீழே யாரோ கலவை கேட்டுக் கத்துவது கேட்டது.

கடைசியில் முகப் பவுடரை மஞ்சள் பெயின்டில் குழைத்து, முடியை ஒட்ட வெட்டிய பழைய டூத் பிரஷ்ஷால் குத்திக் குத்தி எடுத்தபோது வந்தது. எட்டவிருந்து சமம், கிட்டத்தில் சொரசொரப்பு. மூன்று சுவர் முடித்தேன். நான்காவதைத் தொடும்போது கலவை தீர்ந்துவிட்டது. மறுபடி குழைத்தேன். நிறம் ஒரு படி கூடியது, பொருக்கும் தடித்தது. லேபில் ஒவ்வொரு அச்சுக்கும் தண்ணீரை மில்லி கணக்கில் அளந்து ஊற்றுகிறவன், இதற்கு அளவு எழுதி வைக்கவில்லை. மூன்று முறை சுரண்டிப் பூசியும் முதல் கலவை திரும்ப வரவேயில்லை. மதுரையில் மாதிரி ரயில் ஆர்வலர்கள் கூடும் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. அந்தச் சுவரைப் பின்பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளலாம் என்று பெட்டியில் எடுத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

கூட்டம் நன்றாகத்தான் வந்தது. எல்லோரும் இன்ஜினைப் பார்த்தார்கள். சத்தம் வருமா, எவ்வளவு வேகம் போகும் என்று கேட்டார்கள். சுவரை ஒருவரும் பார்க்கவில்லை. ஏழு மாத வேலையின் முன்னால் ஒருவர் தன் டீ கப்பை வைத்துவிட்டுப் போனார்.

மத்தியானம் கொத்தனார் வந்து சேர்ந்தார். மதுரைக்கு ஜவுளி எடுக்க வந்தவர், நான் போனில் சொல்லியிருந்த இடத்தைத் தேடிப் பிடித்துவிட்டார். மனைவியையும் அழைத்து வந்திருந்தார். சற்று நேரம் பார்த்துவிட்டு அவருக்குப் பொறுக்கவில்லை.

"எல்லாரும் இஞ்சினையே பாக்குறாக. சுவரப் பாருங்க சார்! இது அட்ட சார், அட்ட!"

நான் தடுப்பதற்குள் ஸ்டேஷனை இரண்டு கையாலும் தூக்கிச் சுற்றிக் காட்டினார். நான்காவது சுவர் வெளிச்சத்துக்கு வந்தது. மூன்று பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் மாம்பழ நிறத்தில் தேமல். நின்றிருந்த பெரியவர் ஒருவர், "இந்தப் பக்கம் தண்ணி எறங்கியிருக்கோ?" என்று அக்கறையாகக் கேட்டார்.

கொத்தனார் ஸ்டேஷனைக் கீழே வைத்தார். என்னைத் தனியாக இழுத்துப் போனார்.

"இதயாண்ணே பின்னால வச்சிருந்தீக? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? நானும் கையக் குடுத்த வேலைண்ணே இது."

"நேரம் இல்லப்பா."

"நேரம் இல்லன்னா மூணு சுவரோட நிறுத்தியிருக்கணும். அர சுவரக் காட்டி எவனும் பேரு வாங்க மாட்டான்."

எனக்குக் கோபம் வந்தது. உன்னை யார் தூக்கச் சொன்னது என்று கேட்டுவிட்டேன். அவர் மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒரு பொம்ம வீட்டுக்கா இம்புட்டுச் சண்ட?" என்றார். அவர்கள் கடைக்குக் கிளம்பினார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். மாடியேறிப் போய் ஆளுக்கொரு கத்தியை எடுத்து நான்கு சுவரையும் சுரண்டினோம். ஒரே கலவையாக, ஒரு டம்ளர் நிறையக் குழைப்பது என்று முடிவு. இம்முறை பவுடரும் பெயின்டும் என்ன அளவு என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

காய்ந்ததும் பார்த்தோம். நான்கு சுவரும் ஒரே மாதிரி இருந்தன. ஆனால் முந்தைய மூன்று சுவரில் இருந்த அழகு ஒன்றிலும் இல்லை. கொத்தனார் குனிந்து, கண்ணைச் சுருக்கி, ரொம்ப நேரம் பார்த்தார்.

"அண்ணே, அந்தப் பழசச் சுரண்டியிருக்கக் கூடாதுண்ணே."

பெயின்ட் டப்பாவை மூடித் தூக்கிப் பரணில் வைத்தேன்.