கீழ் மைக்கை மூடியவர்

நான் அவரை முதலில் தேடிப் போனது சண்டை போடுவதற்காக.

படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நேரம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஊரில் இதைச் சொல்லாமல் என் அம்மா யாரிடமும் பேச்சை ஆரம்பிக்க மாட்டார், நானும் அப்படித்தான். அந்தப் பட்டதாரியை ஒரு நிறுவனம் போனிலேயே நேர்முகத் தேர்வுக்கு அழைத்தது. "வணக்கம் மேடம்" என்றேன். எதிர்முனையில் ஒரு பெண் "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் லைனில்தான் இருந்தேன். கத்தினேன். பக்கத்து அறைக்காரர் வந்து கதவைத் தட்டினார். அவருக்குக் கேட்டிருக்கிறது, அந்த அம்மாவுக்குக் கேட்கவில்லை. "சனிக்கிழமை திரும்பக் கூப்பிடுறோம்" என்று வைத்துவிட்டார்.

என்னுடையது திரைக்குக் கீழே சின்னச் சின்ன எழுத்து விசைகள் கொண்ட ஸ்மார்ட்போன். அந்த மாதிரி இப்போது யாரும் செய்வதில்லை. மலிவாகக் கிடைத்ததால் பழைய போன் கடையில் வாங்கியது. செய்த நிறுவனம் எப்போதோ அதைக் கைகழுவிவிட்டது. ஆனால் கைவிடப்பட்ட போன்களுக்கு இலவசமாக இயங்குதளம் எழுதித் தரும் தன்னார்வலர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களுடைய பட்டியலில் என் மாடலும் இருந்ததால் அதைப் போட்டிருந்தேன். அதில் புதிதாக வந்த அப்டேட்தான் என் வாயை அடைத்தது.

அந்த மாடலின் பொறுப்பாளருக்குக் காரசாரமாக எழுதினேன். என் பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டுவிட்டீர்கள் என்பதுதான் அதில் மரியாதையான வரி. பதில் வந்தது: "மன்னிச்சிடுங்க. கொஞ்சம் பொறுங்க. பேட்டரியைக் கழட்டி, அடியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல கடைசி எழுத்து என்னன்னு சொல்லுங்க." சொன்னேன். "அந்த எழுத்துன்னா வேலை செய்யணுமே. எங்க அப்பா போனும் அதேதான். நீங்க எந்த ஊரு?" இருவரும் ஒரே நகரம். "அப்போ மத்தியானம் கடைக்கு வாங்க தம்பி."

கடை என்றால் மூக்குக்கண்ணாடிக் கடை. முன்னால் கண்ணாடி அலமாரி, நடுவில் முதலாளி, பின்னால் ஒரு தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் லென்ஸ் அரைக்கும் இயந்திரத்தின் முன் அவர் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். விரல் நுனியெல்லாம் வெள்ளைத் துகள். கல்லூரியில் கணினி படித்தவர். வேலை கிடைத்தது இங்கே. இணையக் குழுவில் எல்லோரும் அவரைப் 'பொறுங்க அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். யார் என்ன புகார் சொன்னாலும் முதல் பதில் அதுதான்.

"சண்டை போடத்தானே வந்தீங்க? சாப்பிட்டுட்டுப் போடலாம்" என்று டிபன் பாக்ஸ் மூடியில் பாதியை எடுத்து வைத்தார். பாதிச் சாப்பாட்டைத் தின்றுவிட்டு முழுச் சண்டை போட எனக்கு வரவில்லை.

கண்ணாடிச் சட்டத்துக்குத் திருகு போடும் சின்னத் திருப்புளியால் என் போனைத் திறந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, உங்க போனுக்கு உடம்பு ஒண்ணு, உயிர் ஒண்ணு."

அந்த மாடலில் இரண்டு வகை உண்டு. வெளியே அச்சு அசல் ஒன்றுதான். உள்ளே ஒலிச் சில்லு வேறு. எனக்கு விற்ற கடைக்காரர் இரண்டாம் வகையின் உள் பலகையை முதல் வகையின் கூட்டில் மாட்டிக் கொடுத்திருக்கிறார். ஸ்டிக்கர் ஒன்று சொல்லும், போன் இன்னொன்று.

"சரிக்கா, பேச்சு ஏன் போகல?"

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். "அது என் தப்பு. வீட்டுக்கு வந்தா புரியும்."

அவருடைய அப்பா காய்கறிச் சந்தையில் ஏலம் விட்டவர். குரலை வைத்தே பிழைத்த மனிதர். தொண்டையில் கட்டி வந்து, அறுவைச் சிகிச்சையில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் உள்ள துளை வழியாகத்தான் மூச்சு. சர்க்கரை நோயில் விரல் நுனி மரத்துவிட்டதால் வழுவழுப்பான திரையில் தட்டினால் பட்டதா படவில்லையா என்று அவருக்குத் தெரியாது. விசை என்றால் அழுத்தம் தெரியும். ஆகவே இந்த மாடல்தான் அவருக்கு வாய். தட்டினால் அது பேசும். பேச வைக்கும் செயலி பழைய மென்பொருளில் ஓடாது என்று ஆனபோதுதான் மகள் இந்தத் தன்னார்வலர்களிடம் போயிருக்கிறார். அவர் போன நேரம், மாடலைப் பார்த்துக்கொண்டிருந்த வெளிநாட்டுக்காரர் போனை விற்றுவிட்டுக் கழன்றுகொண்டார். "பெரிய மாடலுக்கெல்லாம் பத்துப் பேர் அடிச்சுக்கிறாங்க. இதைச் சீண்ட ஆளில்ல. யாராவது பார்ப்பாங்கன்னு பார்த்தேன். அப்புறம் நானே கத்துக்கிட்டேன்."

நான் உள்ளே நுழைந்ததும் பெரியவர் விசைகளைத் தட்டினார். போன் உரத்த குரலில் சொன்னது: "சண்டைக்காரர் வாங்க. உட்காருங்க. என் பொண்ணைத் திட்டுறதுக்கு முன்னாடி என்கிட்ட அனுமதி வாங்கணும்."

"அப்பா, சும்மா இரு."

"நான் சும்மாதான் இருக்கேன். போன்தான் பேசுது."

அவர் யாரையாவது அழைத்தால் கழுத்துத் துளையின் மூச்சு இரைச்சல் கீழ் மைக்கில் ஏறி, எதிரில் இருப்பவருக்குக் காற்றடிக்கிற மாதிரி கேட்குமாம். தங்கையே 'அண்ணே, அப்புறம் பேசறேன்' என்று வைத்துவிடுவாராம். அதனால் மகள் கீழ் மைக்கை மூடி, மேல் மைக்கை மட்டும் திறந்துவிட்டார். அப்பா போனில் அருமையாக வேலை செய்தது. அந்த மாற்றத்தை இரண்டு வகைக்கும் பொதுவான இடத்தில் போட்டுவிட்டார். இரண்டாம் வகையில் அழைப்புக்கு மேல் மைக் இணைப்பே கிடையாது. முதல் வகையான அப்பாவின் போனை மட்டும் வைத்துச் சோதித்ததில் இது அவர் கண்ணில் படவில்லை.

"எங்க அப்பாவுக்குப் பண்ணின வசதி, ஊர்ல பாதிப் பேரை ஊமையாக்கிடுச்சு" என்றார். சிரிக்கவில்லை.

கெடு ஞாயிறு சாயங்காலம். ஒவ்வொரு புதிய பதிப்புக்கும், மாடலைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் அழைப்பு, ஒலி, கேமரா எல்லாம் சரி என்று உறுதி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மாடல் பட்டியலை விட்டுப் போகும். போனால் இனி அப்டேட் இல்லை. அப்பாவின் செயலி இன்னும் கொஞ்ச காலம்தான் ஓடும். அந்தப் பட்டியலைப் பராமரிக்கும் தன்னார்வலர் சுலபமான வழி சொல்லியிருந்தார்: இரண்டாம் வகையை விட்டுவிடுங்கள், ஸ்டிக்கரில் எழுத்தைப் பார்த்துப் போடச் சொல்லுங்கள், முதல் வகை பிழைத்துக்கொள்ளும்.

"அப்படியே செஞ்சிடுங்கக்கா. அப்பாவுக்குப் பிரச்சனை இல்லையே" என்றேன்.

"உங்க ஸ்டிக்கர் என்ன சொல்லுது? முதல் வகைன்னு சொல்லுது. நம்பிப் போடுவீங்க. மறுபடி நேர்முகத் தேர்வுல ஊமையா நிப்பீங்க. பழைய போன் வாங்குறவங்கதான் இதை வச்சிருக்காங்க. எத்தனை பேருக்குக் கூடு மாறியிருக்கோ. ஸ்டிக்கரைக் கேட்கக் கூடாது, சில்லையே கேட்கணும்."

போன் எழும்பும்போதே 'நீ யார்' என்று ஒலிச் சில்லை விசாரித்து, அதற்கேற்ற மைக்கைத் திறக்க வேண்டும். அதை எழுதினார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அரைக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, என் போனை மடிக்கணினியில் சொருகி வேலை நடந்தது. முதலாளி எட்டிப் பார்த்து, "ஏம்மா, அந்தத் தம்பி கண்ணாடி வாங்குவாரா?" என்று கேட்பார். "பார்வை நல்லாத்தான் இருக்குண்ணே, போன்தான் சரியில்ல" என்பார் அக்கா.

வெள்ளிக்கிழமை ராத்திரி அக்கா வீட்டில் வேலை நடந்தபோது என் போன் உயிரை விட்டது. போனைச் செய்த நிறுவனத்தின் முத்திரை திரையில் வரும், போகும், மறுபடி வரும். என்ன செய்தும் அதைத் தாண்டவில்லை. மறுநாள் காலை எனக்கு அழைப்பு. அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. தன் போனைத் தருகிறேன் என்றார். அதற்குள் பெரியவர் தன் போனைத் திறந்து, சிம்மைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, போனை என் பக்கம் தள்ளினார்.

"அப்பா, நீ எப்படிப் பேசுவ?"

அவர் கையை உயர்த்தி விரல்களை மடக்கிக் காட்டினார். சந்தையில் சத்தத்துக்கு நடுவே ஏலம் கேட்கிற சைகை. "உங்களுக்குப் போன் அவசரமாம், தனக்குன்னா சைகை இருக்குங்கிறார்" என்று அக்கா எனக்குச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சனிக்கிழமை அதில்தான் பேசினேன். குரல் கணீரென்று போனது. பதற்றத்தில் எந்த விசையை அழுத்திப் பிடித்தேனோ தெரியவில்லை, பெரியவர் சேமித்து வைத்திருந்த வாசகம் ஒன்று நடுவே பாய்ந்தது: "ஒரு தரம். ரெண்டு தரம். யாராவது கேட்குறீங்களா?" எதிர்முனையில் அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "சம்பளத்தை ஏலத்துல விடுறீங்களா?" என்றார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். மீதி நேரம் அந்தப் போனைப் பற்றித்தான் கேட்டார்.

ஞாயிறு காலை அக்கா காரணத்தைக் கண்டுபிடித்தார். சில்லு விழிப்பதற்கு முன்பே அதைக் கேள்வி கேட்டிருக்கிறோம். பதில் வராததால் போன் திரும்பத் திரும்ப எழுந்து விழுந்திருக்கிறது. "தூங்குறவனை எழுப்பாம கேள்வி கேட்டா?" என்று தலையில் தட்டிக்கொண்டார். கேள்வியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார். என் போன் எழுந்தது. அப்பாவின் போனிலும் அதையே போட்டார்.

சோதிக்க நான் மாடிப்படிக்குப் போய் பெரியவரை அழைத்தேன். "கேட்குதாய்யா?"

"நல்லாவே கேட்குது. நீ கத்தாம பேசினா இன்னும் நல்லா இருக்கும்" என்றது அவருடைய போன். மூச்சு இரைச்சல் துளியும் இல்லை.

அக்கா சாயங்காலத்துக்கு முன்பே உறுதி எழுதினார். இரண்டு வகையும் சரி என்று எழுதி, முந்தைய தவறு தன்னுடையது என்றும் காரணத்தோடு சேர்த்தார். யாரும் கேட்காத வரி அது.

பட்டம் வாங்கியதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான். இப்போது இவரைத் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அந்த வேலை எனக்குக் கிடைத்தது. அக்கா அதே கடையில்தான் லென்ஸ் அரைக்கிறார். மாடல் பட்டியலில் இருக்கிறது. முதல் வகைக்கு அவரும் இரண்டாம் வகைக்கு நானும் ஒவ்வொரு பதிப்புக்கும் உறுதி சொல்கிறோம். பெரியவர் தினமும் தங்கையிடம் போனில் பேசுகிறார்.