செம்பரம்பாக்கத்துக்கு ஓர் எட்டு ரூபாய்த் தூண்டில்

கலா, சேகர், அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களை ஏன் கூட்டிப்போகவில்லை என்று இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். போய்வந்ததை அப்படியே எழுதுகிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

1988, மே மாதம். காலை ஐந்தரைக்கு ஆவடி குவார்ட்டர்ஸை விட்டுக் கிளம்பினோம். கூட வந்தவர் ஃபாக்டரியில் என் பக்கத்து மெஷினில் நிற்கும் செல்வராஜ் மாமா. அவர் கையில் நூற்றெண்பது ரூபாய் ஃபைபர் கம்பு, அதில் தொண்ணூறு ரூபாய் ரீல், காலில் ரப்பர் பூட்ஸ், தலையில் தொப்பி. எல்லாம் சேர்ந்து முந்நூற்றைம்பது. என்னுடையது மண்ணூர்பேட்டையில் நாலு ரூபாய்க்கு வாங்கின மூங்கில். நைலான் நரம்பு மூன்று ரூபாய், முள் இரண்டும் சேர்த்து ஒரு ரூபாய். மிதவை உங்கள் அம்மாவின் பழைய ரப்பர்ச் செருப்பில் அறுத்தது. புழு நம் வாழைமரத்தடியில் தோண்டினது.

"மச்சான், வேட்டைன்னா சாமான் வோணும். இத்த வச்சிகினு போனா தவளைகூட சிரிக்கும்" என்றார் மாமா.

எங்களுக்குள் ஒரு பேச்சு. பகல் பன்னிரண்டுக்குள் எனக்கு மீன் விழாவிட்டால், திரும்பும்போது பூந்தமல்லியில் நானும் அதே கம்பு வாங்கவேண்டும். அதற்காகச் சட்டைப்பையில் இருநூறு ரூபாய் இருந்தது. உங்கள் ஷூவுக்கென்று அம்மா ஒதுக்கின பணம். "வாங்கிக்குங்க. ஆனா ஜூன்ல புள்ளைங்க பழைய ஷூவுலதான் போவும்" என்று சொல்லித்தான் கொடுத்தாள். உங்கள் ஷூப் பணத்தோடு போகிறவன் உங்களை எப்படிக் கூட்டிப்போவேன்? பஸ்ஸில் நாலு தடவை பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பூந்தமல்லிக்கு ஒன்றேகால் ரூபாய். என் மூங்கிலைப் பார்த்த கண்டக்டர், "இன்னா நைனா, யார் ஊட்ல ஒட்டடை? கம்புக்கும் ஒரு டிக்கெட் எட்துக்கோ!" என்றார். பஸ்ஸே சிரித்தது. அங்கிருந்து செம்பரம்பாக்கம் முக்கால் ரூபாய். ஏரிக் குத்தகைக்காரருக்கு ஆளுக்கு இரண்டு.

ஏழரைக்கு முள்ளைப் போட்டோம். பத்து, பத்தரை, பதினொன்று. கண்ணெதிரே விரால் துள்ளுகிறது, எங்கள் முள்ளை மட்டும் சீண்டவில்லை. முந்நூற்றைம்பதுக்கும் அதே கதிதான். மாமா தொப்பியைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டார்.

வெயிலில் மிதவையையே பார்த்தபோதுதான் தெரிந்தது. அதைச் சுற்றித் தண்ணீரில் வானவில் மாதிரி ஒரு படலம். எண்ணெய்! இரும்பு எதுவானாலும் எண்ணெய்த் துணியால் துடைத்துத்தான் எடுத்து வைப்போம், ஃபாக்டரிக் கைகளுக்கு அது தானாக வரும்.

"செல்வராஜ், முள்ளுக்கு எண்ணெய் போட்டியா?"

"போடாம? துரு புடிச்சிக்காதா?"

"நானுந்தான் போட்டேன். இந்த வாடைக்கு மீன் கிட்ட வருமா? மீன் என்ன மெஷினாப்பா?"

அவர் சிரித்த சிரிப்பில் தொப்பி ஏரியில் விழுந்தது.

சேற்று மண்ணால் முள்ளையும் கையையும் தேய்த்துக் கழுவிப் புதுப் புழு குத்தினேன். பதினொன்றே முக்காலுக்கு மூங்கில் வில்லாக வளைந்தது. கரைக்கு வந்தது ஒன்றரைக் கிலோ விரால்! அடுத்து இன்னொன்று. மாமாவும் தேய்த்துப் போட்டார், அவருக்கும் ஒன்று.

"ஒத்துக்கறேன் மச்சான், எட்டு ரூபா கெலிச்சிட்ச்சி!"

பஸ்ஸுக்கும் ஏரிக்கும் சேர்த்து என் வேட்டைச் செலவு பதினாலு ரூபாய். பூந்தமல்லியில் அந்தக் கம்புக் கடையைத் தலைநிமிர்ந்து தாண்டி வந்தேன். வாசலிலேயே அம்மா கையில் மீனையும், மேலே இருநூறு ரூபாயையும் வைத்தேன். ஏரி பெரிதுதான் பிள்ளைகளே. ஆனால் குழம்பு கொதிக்கிற நம் வீட்டு வாசனை அங்கே இல்லை.

நீங்கள் முள் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நான் மட்டும் பின்பக்கம் போய்த் தூண்டில் முள்ளைக் கழுவினேன். கை பழக்கத்தில் எண்ணெய்த் துணியை எடுத்துவிட்டது. அதைச் சைக்கிள் சீட்டுக்கு அடியில் செருகிவிட்டு, முள்ளை வெறும் முள்ளாகவே மூங்கிலில் குத்தி வைத்தேன்.