வட்டத்தில் சொன்னது

புதுச்சேரியில் எங்கள் நாடகக் குழு புதிய இளைஞர்களுக்குப் பயிற்சி தருகிறது. வட்டமாக உட்கார்ந்து, வீட்டில் சொல்லாத ஒன்றை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அது வெளியே போகாது என்று வாக்குக் கொடுத்தவன் நான்தான்.

தேங்காய்த்திட்டிலிருந்து வந்த கலாதான் எல்லோரையும்விட நன்றாக நடிப்பாள். அண்ணனோடு சண்டை போட்டு, அவன் செல்போனை அரிசி டப்பாவில் ஒளித்ததை அவள் ஒருநாள் சொன்னாள். போன் இல்லாமலே மீன் பிடிக்கக் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. அவனே மறந்து வைத்துவிட்டுப் போனதாக அம்மா நம்பிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாடகத்தில் அதை எழுதி, வேறொரு பெண்ணை நடிக்க வைத்தேன்.

"வேணாண்ணா, எங்கம்மா பாக்க வருவாங்க" என்றாள் கலா.

"பேர மாத்திட்டேன்மா. எப்டித் தெரியும்?"

பெயரைத்தான் மாற்றினேன், அரிசி டப்பாவை மாற்றத் தோன்றவில்லை. அந்தக் காட்சியில் அவள் அம்மா எழுந்து நின்றார். மேடையோரம் இருந்த கலாவைப் பார்த்து, "செல்போன நீதான் ஒளிச்சி வச்சியாடி?" என்றார். அதுவும் நாடகம் என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள்.

மறுவாரம் மன்னிப்புக் கேட்க மீன் ஏலம் நடக்கும் இடத்துக்குப் போனேன். கலா கூடை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா எங்கூடப் பேசறதே இல்ல. நீ இனிமே வராதண்ணா."

"நடிக்க வருவியாம்மா?"

"எத நம்பி வர்றது?"

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். எழுதிவிட்டால் எந்தத் துயரமும் மதிப்புப் பெற்றுவிடும் என்று நம்பினேன். ஒரு தாய்க்கு மிச்சமிருந்த ஆறுதலை என் எழுத்து எடுத்துவிட்டது. அதைத் திருப்பிக் கொடுக்க எழுதத் தெரிந்தால் போதாது.