பொலிஸ் இங்கிலீசு தெரிந்த ஜவ்பர் நானா

"வாப்பா மௌத்தாகிட்டாங்க அங்கிள். அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்." மடவளையிலிருந்து ஜவ்பர் நானாவின் மகள் அழைத்தபோது நான் வத்தேகம பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். எப்படி இறங்கினேன் என்றே நினைவில்லை. கண்டி நீதிமன்றத்துக்குப் பக்கத்தில், எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகத்தில், என் எதிர்க் கதிரை அவருடையது.

அங்கே வருமுன் அவர் கட்டுகஸ்தோட்டையில் வீடியோ கசெட் கடை வைத்திருந்தார். ஆங்கிலப் பொலிஸ் படம் எடுத்துப் போனவர்கள் திரும்பி வந்து, அதில் பொலிஸ்காரன் என்ன சொன்னான் என்று கேட்பார்கள். அந்தப் பேச்சு அகராதியில் இருக்காது. ஊகித்துச் சொல்ல நானாவுக்கு வராது. கண்டி வாவிக்கரையில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரர்களிடம் போய், உங்கள் ஊர்ப் பொலிஸ் இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று விசாரிப்பார். ஒருவர் இவரையே சிவில் உடையில் வந்த பொலிஸ் என்று பயந்து எழுந்து போய்விட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அவர் வைத்த சட்டம் அது ஒன்றுதான்.

இங்கிலாந்தில் ஒரு கடையில் வேலை செய்த என் தம்பியைப் பொலிஸ் பிடித்தது. அவனுடைய அறைத்தோழன் அனுப்பிய குரல்பதிவு எனக்குப் பாதிகூட விளங்கவில்லை. அம்மாவையும் கூட்டிக்கொண்டு நானாவிடம் போனேன். திரும்பத் திரும்பக் கேட்டார். 'நிக்' என்றால் பிடித்துவிட்டார்கள், 'கிராஸ்' என்றால் காட்டிக் கொடுப்பவன் என்று எனக்கு மெதுவாகச் சொன்னார்.

அம்மா நேரே அவரிடமே கேட்டார். "எம் புள்ள களவாண்டானாங்க ஐயா?"

இல்லையென்று சொல்லிவிடுங்கள் என்று நான் கண்ணால் கெஞ்சினேன்.

"கடையில சாமான் கொறஞ்சதுக்குப் புடிச்சீக்காங்க அம்மா. கூட வேல செய்ற ஒருத்தன் காட்டிக் குடுத்தீக்கான். எடுத்ததா இல்லயா எண்டு இதில சொல்லல்ல. நான் சேத்துச் சொல்ல மாட்டன்."

அம்மா அங்கேயே அழுதார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெற்ற வயிறு கேட்கிறது, ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொன்னால் என்ன குறைந்துவிடும் மனுஷனுக்கு?

தம்பி பிணையில் வந்த அன்று, நானா என் போனை வாங்கி அவனிடம் பேசினார். "தம்பி, உங்கட அம்மாக்கு நான் ஒண்டும் சேத்துச் சொல்லல்ல. மிச்சத்த நீங்கதான் சொல்லணும்."

அன்று மாலையே தம்பி அம்மாவை அழைத்தான். எடுத்தது உண்மைதான் என்றான். அம்மா, சாப்பிட்டாயா என்று கேட்டார். தண்டனை முடிந்த பிறகும் ஞாயிறுதோறும் தாயும் மகனும் பேசுகிறார்கள்.

மடவளைக்கு வரவேண்டாம், கால் வலிக்கும் என்று சொல்லியும் அம்மா கேட்கவில்லை. பெண்களோடு வாசலில் நின்றார். நானாவின் ஜனாஸாவைத் தூக்கியபோது பக்கத்தில் நின்ற என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கி ஐயா ஒன்னுமில்லன்னு சொல்லியிருந்தாருன்னா, ஒந்தம்பியும் இன்னிக்கி வரைக்கும் ஒன்னுமில்லன்னே சொல்லிக்கிட்டு இருப்பான்டா."

ஜனாஸா பள்ளிவாசல் பக்கம் திரும்பும்வரை என் கையை விட்டுக் கும்பிட்ட அம்மா கையை இறக்கவில்லை. போய் வாருங்கள், நானா.