பூசையில் வைத்த பித்தளைத் துவக்கு

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிற்பாட்டினவன். ஆனாலும் ஜேர்மனியில் எசன் நகரத்தில் தமிழ்க்கடை என்றால் சனம் முதலில் சொல்வது என்னுடைய கடையைத்தான். கிழக்கு பேர்லின் வழியாக வந்து, கோப்பை கழுவி, மரக்கறிப் பெட்டி தூக்கி, ஒருத்தரிடமும் கைநீட்டாமல் நானே எழுப்பின கடை. அதில் இருபது வருஷம் நின்றவனுக்கு, ஆள் வாசல்படியில் கால் வைக்கிறபோதே ஆளின் குணம் தெரிந்துவிடும். எனக்குப் பிடிபடாமல் போனது ஒரே ஒரு ஆள். அவர்தான் புவனேந்திரன்.

கெல்சென்கிர்ச்சனில் கதவுப் பூட்டுச் செய்கிற தொழிற்சாலையில் அவருக்கு மெசின் திருத்துகிற வேலை. சனிக்கிழமைகளில் மனைவி கண்மணியோடு வருவார். முருங்கைக்காயை முறித்துப் பார்ப்பார், விளைமீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார், போய்விடுவார். ஊர்ப் புதினம் கேட்டால் "ம்" என்பார். இப்படி வாய் திறக்காத மனிசனை நான் நம்புவதில்லை.

2003இல் என் காதுக்கு ஒரு கதை வந்தது. வியாழக்கிழமை தோறும் பின்னேரம் புவனேந்திரன் நீட்டுப் பை ஒன்றைக் காரில் வைத்துக்கொண்டு எங்கேயோ போகிறாராம். பைக்குப் பூட்டும் போட்டிருக்கிறதாம். இயக்கத்தின் வேலை என்றார் ஒருவர். இல்லை, மற்றப் பக்கத்துக்கு, அரசாங்கத்துக்கு, ஆள் பிடித்துக் கொடுக்கிறார் என்றார் இன்னொருவர். நான் இரண்டையும் கேட்டு வைத்தேன். கடைக்காரன் கதையை வாங்குவான், விற்கமாட்டான்.

அடுத்த வியாழக்கிழமை என் வானை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். ஊருக்கு வெளியே, சோளக் காணிக்குப் பக்கத்தில் யன்னல் இல்லாத ஒரு நீளக் கட்டிடம். வாசலில் பச்சைச் சட்டை போட்ட நாலு ஜேர்மன்காரர். புவனேந்திரன் பையோடு இறங்கினவர் என்னைக் கண்டுவிட்டார்.

"சிவகுரு அண்ணை! என்ன இஞ்சாலை?"

"பெற்றோல் முடிஞ்சு போச்சு தம்பி."

"எஞ்சின் ஓடுதே அண்ணை."

அப்படித்தான் நான் சூட்டுக் கழகத்துக்குள் போனேன். அவரை முதன்முதல் அங்கே கூட்டிவந்தது தொழிற்சாலை மேற்பார்வையாளர் மான்ஃப்ரெட். மீசை வைத்த பெரிய உருவம். புவனேந்திரன் பூட்டைத் திறந்து பையிலிருந்து எடுத்ததைப் பார்த்து நான் ஓரடி பின்னால் போனேன். துவக்கு. ஆனால் நாங்கள் கண்டு ஓடின மாதிரி இல்லை. நடு உடம்பு பித்தளை, பிடி மரம். அமெரிக்காவில் குதிரைக்காரர் வைத்திருந்த பழைய மாதிரியைப் பார்த்து இத்தாலியில் செய்ததாம். விசைக்குக் கீழே வளையம் போல ஒரு லீவர். அதைக் கீழே இழுத்தால் சுட்ட ரவையின் வெறுங்கோது மேலால் துள்ளி விழும், மேலே தள்ளினால் அடுத்த ரவை உள்ளே போய் இருக்கும். வீட்டில் இன்னொன்றும் இருக்கிறது, அது இரும்பில் செய்த பழையது என்றார்.

"தம்பி, துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். நீர் என்னடாவெண்டால் இதைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர்."

"அங்கை துவக்கைக் கண்டால் குனிஞ்சம் அண்ணை. உள்ளுக்கு என்ன கிடக்குதெண்டு ஒருநாளும் பார்க்கேல்லை. இதைக் கழட்டிப் பார்த்தன். பூட்டு மாதிரித்தான்."

கடைக்கு வரத் தொடங்கின ஆறு வருஷத்தில் அவர் என்னோடு கதைத்த மிக நீளமான கதை அது. ஒரு வருஷம் ஒழுங்காக வந்து, சோதனை எழுதி, பொலிஸ் அவரின் பழைய வரலாறெல்லாம் கிண்டிப் பார்த்த பிறகுதான் மஞ்சள் அட்டை கொடுத்தார்களாம். அந்த அட்டை இருக்கும் வரைக்கும்தான் துவக்கு. எல்லாம் சட்டப்படி என்றார். எனக்கோ, எல்லாம் சட்டப்படி என்று சொல்கிற ஆளில் இன்னும் கொஞ்சம் சந்தேகம் கூடும்.

2009 வந்தது. மே மாதத்தில் ஊரில் சண்டை முடிந்த பிறகு எங்கள் சனம் ஒருவரை ஒருவர் நேரே பார்க்கவில்லை, பக்கவாட்டில்தான் பார்த்தது. இந்த நாட்டிலும் மார்ச்சில் தெற்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சூடு நடந்து, கோடையில் சட்டத்தை இறுக்கினார்கள். இனி பொலிஸ் ஆயுதப் பிரிவு சொல்லாமலே வீட்டுக்கு வந்து, துவக்கு இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறதா என்று பார்க்கலாம். பெட்டித் திறப்பை, அந்தச் சாவியை, வேறு ஒருவரும் தொடக்கூடாது. புவனேந்திரன் அதை அரைநாண் கயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்தார்.

செப்டெம்பர் கடைசியில் நவராத்திரி. ஆயுதபூசைக்கு வேலைக்காரன் தன் ஆயுதத்தைச் சாமிக்கு முன் வைப்பான், அடுத்த நாள் பூசை முடியும்வரை தொடமாட்டான். புவனேந்திரன் தன் சாவிக்குறடுகளையும் அளவுக்கருவியையும் வைத்தார். பிறகு யோசித்து, பித்தளைத் துவக்கையும் வைத்தார். கண்மணி குத்துவிளக்கு மினுக்கின கையோடு அதற்கும் புளி தேய்க்கப் போக, மனிசன் பாய்ந்து பறித்தாராம். இரவு முழுக்க அதற்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தார். விஜயதசமிக்கு லீவும் எடுத்திருந்தார். அவ்வளவு கவனம்.

விஜயதசமி அன்று, ஜேர்மன் தேர்தலுக்கு அடுத்த நாள், திங்கட்கிழமை காலை எட்டரைக்கு நான் சுண்டலோடு போனேன். கொஞ்ச நேரத்தில் புவனேந்திரன் தேங்காய் எடுக்க நிலவறைக்கு இறங்கினார். ஐந்து நிமிஷ வேலை. மணி அடித்தது. நான் கதவைத் திறந்தேன். பொலிஸ் உடுப்புப் போட்ட ஒரு ஆண், ஒரு பெண்.

"புவனேந்திரன் வீட்டில் இருக்கிறாரா?"

"இல்லை. வேலை" என்றேன்.

பின்னால் கண்மணி, "காலமை ஐஞ்சு மணிக்கே போயிட்டார்" என்றாள்.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூட இல்லை. உடுப்புப் போட்டவன் வாசலில் நின்று ஆளைக் கேட்டால், ஆள் இல்லை. எங்கள் சனத்துக்கு இதை ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

பெட்டி எங்கே என்று பார்க்கலாமா என்று கேட்டார்கள். கண்மணி விலகினாள். நாலடி வைத்த அந்தப் பெண் அப்படியே நின்றுவிட்டாள். முன்னால் கலைமகள் படம், விளக்கு, புத்தகங்கள், குறடுகள், நடுவில் துவக்கு. மரப்பிடியில் சந்தனம். லீவர் வளையத்துக்குள் ஒரு செவ்வந்திப்பூ.

"இது இப்போது யார் பொறுப்பில் இருக்கிறது?"

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "என்ர பொறுப்பில். காலையிலிருந்து நான்தான் காவல். ஒருத்தன் கிட்ட வர ஏலாது."

அவள் ஒரு சொல் விடாமல் எழுதினாள். துவக்குக்குள் ரவை இல்லை என்று பார்த்தார்கள். பிறகு அந்தப் பெண் கண்மணியிடம், பூவை அவளே எடுத்துத் தரமுடியுமா என்று கேட்டாள். கண்மணி எடுத்துக் கொடுத்தாள். ஒரு துண்டுக் கடதாசியைத் தந்துவிட்டுத் துவக்கைக் கொண்டுபோனார்கள்.

அவர்களின் கார் போன பிறகுதான் புவனேந்திரன் வந்தார். இரண்டு கையிலும் தேங்காய்.

"நீர் எங்கையப்பா நிண்டனீர்?" என்று கண்மணி கத்தினாள்.

"நிலவறைப் படியில. குரல் கேட்டுது. நிண்டிட்டன்."

எல்லாப் பேப்பரும் சரியாக வைத்திருந்த மனிசன், இருட்டில் தேங்காயோடு ஒளித்து நின்றிருக்கிறார். நான் சிரிக்கப் போனேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு வரவில்லை.

"எட்டரைக்கு நீங்கள் வந்தியள் அண்ணை. எட்டு நாப்பதுக்கு அவை வந்தினம்."

"என்னடாப்பா சொல்லுறீர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. முந்தியும் எனக்குப் பின்னால வானில வந்தனீங்கள்."

என்னை! இந்தச் சிவகுருநாதனை! சுண்டலை வைத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது எனக்கும் ஆட்களில் சந்தேகம் வந்தது. புவனேந்திரனின் மேல்வீட்டுக் கிழவி பொலிசுக்குச் சொன்னாளோ? கடையில் கதை சொன்ன இரண்டு பேரில் ஒருவனோ?

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. துவக்கை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போனார், அட்டை இல்லாத ஒருவரிடம் ஒப்படைத்தார், ஆகவே அட்டையைப் பறிக்கப் போகிறோம், சொல்ல ஏதும் இருந்தால் சொல்லலாம் என்று. கண்மணி தொலைபேசியில் அழுதாள். நான் போனபோது மான்ஃப்ரெட் மேசையில் கடிதத்தோடு இருந்தான்.

"வீட்டில்தானே இருந்தாய்? அதை ஏன் சொல்லவில்லை?" என்று புவனேந்திரனிடம் திரும்பத் திரும்பக் கேட்டான். "ஐந்து நிமிஷம் கீழே போனதும் பிழைதான். ஆனால் அது சின்னப் பிழை. நீங்கள் சொன்ன பொய்தான் பெரிய பிழை."

எங்கள் மூன்று பேராலும் அவனுக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. லீவு எடுத்ததற்குத் தொழிற்சாலைக் கடிதம் இருக்கிறது. ஆனால் ஆள் வீட்டில்தான் நின்றார் என்று சொல்ல, பொய் சொன்ன ஆளே போகவேண்டும். மனைவி சொன்னால் எடுபடாது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் இந்த நாட்டில் வரிக் கந்தோர், சுகாதாரக் கந்தோர் எல்லாவற்றோடும் சண்டை பிடித்து வென்றவன். பிழை என்னுடையது என்று ஒரு மேசையிலும் சொன்னதில்லை. பொலிசுக்குப் பொய் சொன்னேன் என்று பொலிசிடமே போய்ச் சொல்வது விசர் வேலை. அது எனக்கு வைத்த பொறியோ என்றும் நினைத்தேன். ஆனால் போகாவிட்டால், காட்டிக்கொடுத்தவன் நான்தான் என்று புவனேந்திரன் சாகும்வரை நினைப்பார். போனேன்.

அதே பெண்தான் இருந்தாள்.

"அன்றைக்கு நான் பொய் சொன்னேன். அவர் நிலவறையில் நின்றார். நானும் வந்து பத்து நிமிஷம்தான்."

"ஏன் பொய் சொன்னீர்கள்?"

"உங்கள் உடுப்பைப் பார்த்து."

அவள் குனிந்து தன் சட்டையைப் பார்த்தாள். "அவருடைய பேப்பர்கள் எல்லாம் சரியாக இருந்தனவே."

"எங்கள் ஊரில் பேப்பர் சரியாக இருந்தவர்களையும் கொண்டுபோனார்கள்."

கனநேரம் தட்டச்சடித்தாள். கையெழுத்து வைத்தேன். எழும்புகிறபோது கேட்டேவிட்டேன்: "யார் சொல்லி வந்தீர்கள்?"

"ஒருவரும் இல்லை. பட்டியல். அந்தக் கிழமை பதினொரு வீட்டுக்குப் போனோம்."

வெளியில் நின்ற புவனேந்திரனிடம் அப்படியே சொன்னேன்.

"பட்டியலோ?" என்றார்.

"பட்டியலாம்."

இரண்டு பேரும் நம்பவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் என் வானில் ஏறித்தான் வீட்டுக்கு வந்தார்.

நவம்பர் கடைசியில் முடிவு வந்தது. அட்டையைப் பறிக்கவில்லை. எழுத்தில் எச்சரிக்கை. துவக்கு அவரின் கையில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பெட்டியில், வேறு எந்த இடத்திலும் வைக்கக்கூடாது. கடிதத்தை நான் வாசித்தேன், கண்மணி வாசித்தாள், பிறகு புவனேந்திரன் மான்ஃப்ரெட்டைக் கூப்பிட்டு வாசிப்பித்தார். துவக்குத் திரும்பி வந்தபோது மரப்பிடியின் வெடிப்புக்குள் கொஞ்சம் சந்தனம் காய்ந்து கிடந்தது.

அந்த வியாழக்கிழமை என்னையும் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பத்து ரவை போட்டார். நின்ற நிலையில் ஐம்பது மீற்றருக்குச் சுட்டார், ஏழு நடுவில். பிறகு வெறும் துவக்கை என்னிடம் நீட்டினார்.

"பிடிச்சுப் பாருங்கோ அண்ணை. இஞ்சை எல்லாரும் பிடிக்கலாம்."

"வேண்டாம் தம்பி. ஆர் பார்க்கிறானோ."

"மான்ஃப்ரெட் மட்டும்தான் நிக்கிறான்."

"அவன்தான் சொல்லியிருப்பான்."

சிரிப்பார் என்று நினைத்தேன். புவனேந்திரன் சிரிக்கவில்லை. சுவரோடு சாய்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்த மான்ஃப்ரெட்டைத் திரும்பி ஒருக்கால் வடிவாக உற்றுப் பார்த்தார். பிறகு அடுத்த பத்து ரவையைப் போடத் தொடங்கினார்.